ஐந்தாம் எண் ஜாடி

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் கல்லூரி. அதன் விலங்கியல் துறையில் மாடிப்படியை ஒட்டி ஒரு நீளமான அறை உண்டு. அறை முழுக்கக் கண்ணாடி அலமாரி, அலமாரி முழுக்க ஜாடி, ஜாடிக்குள் ஃபார்மலினில் ஊறிக்கொண்டிருக்கும் பூச்சி, புழு, மீன், பாம்பு. மியூசியம் என்பார்கள். அதன் சாவி ஒன்பது வருடமாக அருள்மேரியின் இடுப்பில் இருக்கிறது.

அருள்மேரி எட்டாவதோடு நின்றவள். செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் உள்ள தெருவில் வீடு. புருஷன் ஜெரோமுக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு கம்பெனியில் பெயின்ட் அடிக்கிற வேலை. கூட்டிப் பெருக்குவதற்குத்தான் இவளைக் கல்லூரியில் எடுத்தார்கள். லேபைப் பார்த்துக்கொண்டிருந்த சேட்டு என்பவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, வேறு ஆள் வருகிற வரைக்கும் என்று சொல்லி இவள் கையில் சாவியைக் கொடுத்தார்கள். வேறு ஆள் வரவே இல்லை.

யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். கேட்டால் பதில், இல்லாவிட்டால் தரையைப் பார்த்து ஒரு சிரிப்பு. ஆனால் கண்ணும் காதும் சும்மா இருக்காது. வகுப்பு நடக்கும்போது ஜாடிகளை எடுத்துக் கொடுக்க மூலையில் நிற்பாள். மேடம் சொல்வதெல்லாம் அந்த மூலைக்கும் வந்து சேரும்.

அப்படித்தான் அவளுக்கு அலமாரி வரிசை பிடிபட்டது. முதல் தட்டில் கடற்பஞ்சு. உடம்பெல்லாம் ஓட்டை, அதனால் துளையுடலி. அடுத்தது ஜெல்லி மீன் கூட்டம். உடம்பே ஒரு பை, தின்பதற்கும் கழிப்பதற்கும் ஒரே வாய். பிறகு தட்டைப்புழு, உருளைப்புழு. அதற்கப்புறம் உடம்பை வளையம் வளையமாகக் கட்டி வைத்தது போன்ற மண்புழுவும் அட்டையும். பிறகு எல்லாவற்றையும்விடப் பெரிய கூட்டம், காலில் கணு உள்ளவை: இறால், நண்டு, தேள், கரப்பான். நத்தையும் சிப்பியும் கணவாயும் மெல்லுடலிகள். நட்சத்திர மீனுக்குத் தோலில் முள். கடைசி இரண்டு அலமாரி முழுக்க முதுகெலும்பு உள்ளவை. மீனில் தொடங்கி, தவளை, ஓணான், புறா என்று போய் வௌவாலில் முடியும்.

இதை அவள் புத்தகத்தில் படிக்கவில்லை. துடைத்துத் துடைத்துத்தான் கற்றுக்கொண்டாள். ராஜகீழ்ப்பாக்கம் மார்க்கெட்டில் கணவாய் வாங்கும்போது, நீ நத்தைக்குச் சொந்தக்காரன்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இறால் குழம்பு ஊற்றும்போது வாய் தவறி வெளியே சொல்லிவிட்டாள்.

"இறாலும் கரப்பானும் ஒரே குடும்பம், தெரியுமா?"

ஜெரோம் கையை அந்தரத்திலேயே நிறுத்தினான். "துன்ற நேரத்துல இன்னாடி பேச்சு இது. காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் குடுக்கறாங்களா?"

"மீனுக்கு முதுகெலும்பு கீது. அது வேற குடும்பம். நீ மீனைத் துன்னு."

அவன் இறாலையே தின்றான். ஆனால் தெருவில் போய் எல்லோரிடமும் சொன்னான். "என் பொண்டாட்டி ஒரு ஜந்துவப் பார்த்தா போதும், அதும் ஜாதகத்தையே சொல்லிடுவா." அருள்மேரிக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்குக் கீழே கொஞ்சம் இனிப்பும் இருந்தது. வம்பெல்லாம் அந்த இனிப்பில்தான் ஆரம்பித்தது.

போன டிசம்பரில் கல்லூரியைப் பார்வையிட வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. துறைத் தலைவி ஸ்ரீவித்யா மேடம் அவர்களை மியூசியத்துக்கு அழைத்து வந்தார். கதவோரம் நின்ற அருள்மேரியை முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"இவங்க அருள்மேரி. எங்க மியூசியம் மொத்தமும் இவங்களுக்கு மனப்பாடம் சார்."

குழுவில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "அப்படியா? தேள் எந்த குரூப்மா?"

"கணுக்காலி சார்."

"நட்சத்திர மீன்?"

"முட்தோலி சார்."

இரண்டு பேர் கை தட்டினார்கள். அருள்மேரி அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அந்த வாரம் முழுக்க மனப்பாடம் என்ற சொல் அவள் கூடவே வீட்டுக்கும் போய்க் கூடவே திரும்பி வந்தது.

அடுத்த வாரமே மூன்று நாள் விடாத மழை. ஜன்னல் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி அலமாரிகளுக்குள் வழிந்தது. நனைந்த தட்டுகளில் இருந்த ஜாடிகளையெல்லாம் அருள்மேரி அவசர அவசரமாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். எது எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று பார்க்க நேரமில்லை. துடைத்து முடித்துப் பார்த்தால் பதினோரு ஜாடிகளில் லேபிள் இல்லை. காகிதங்கள் ஈரத் தரையில் கிடந்தன.

ஒன்பது ஜாடிக்குச் சிரமமே இல்லை. தேளைத் தேளென்று யாருக்கும் தெரியும். மிஞ்சியவை இரண்டு நெட்டை ஜாடிகள். இரண்டிலும் முழங்கை நீளத்துக்கு வெளிறிப்போன உடம்பு, தலை முதல் வால் வரை வளையம். ஒன்று மலைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த பெரிய மண்புழு. மற்றது இக்தியோபிஸ். காலே இல்லாமல் மண்ணுக்குள் வாழ்கிற தவளை உறவு. அதற்கு முதுகெலும்பு உண்டு. ஒன்று ஐந்தாம் தட்டில் இருக்க வேண்டியது, இன்னொன்று கடைசி அலமாரியில் தவளைக்குப் பக்கத்தில். மருந்தில் ஊறி ஊறி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஆகியிருந்தன.

அலமாரியில் எது எங்கே இருக்கும் என்பதுதான் அவளுக்கு மனப்பாடம். இடத்தைவிட்டு எடுத்துவிட்டால் எது எது என்று அவளுக்குத் தெரியாது. அது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

மேடம் பக்கத்து அறையில்தான் இருந்தார். "மேடம், இதுல எது மண்புழு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் ஏழு நாளைக்கு முன்னால் மனப்பாடம் என்று சொன்னவர் எதிரே போய்த் தெரியவில்லை என்று நிற்க அவளுக்குக் கால் எழவில்லை. இரண்டு ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்சம் பருமனாக இருந்தது மண்புழு என்று முடிவு செய்தாள். பசை தடவினாள், ஒட்டினாள். ஒன்றை ஐந்தாம் தட்டிலும் மற்றதைக் கடைசி அலமாரியிலும் வைத்துப் பூட்டினாள். நான்கு மாதம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் மறந்துபோனாள்.

ஏப்ரலில் மூன்றாம் வருட மாணவிகளுக்குச் செய்முறைத் தேர்வு வந்தது. அதில் ஸ்பாட்டர் என்று ஒரு பகுதி. மேஜைகளில் ஜாடிகளை வரிசையாக வைத்து, லேபிளை வெள்ளைக் காகிதத்தால் மூடி, மேலே எண் எழுதியிருப்பார்கள். மணி அடித்ததும் மாணவிகள் ஒரு ஜாடியிலிருந்து அடுத்த ஜாடிக்கு நகர வேண்டும். என்ன விலங்கு, எந்தத் தொகுதி, எதை வைத்துச் சொல்கிறாய் என்று எழுத வேண்டும். பட்டியலைப் பார்த்து ஜாடிகளை எடுத்து வைத்தது அருள்மேரிதான். ஐந்தாம் எண், மண்புழு. விடைத்தாள் திருத்துவதற்கான குறிப்பை ஸ்ரீவித்யா மேடம் லேபிள்களைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளராக ராகவேந்திரா சார் வந்திருந்தார். அறையின் மறுகோடியில் உட்கார்ந்து தாள்களைத் திருத்திக்கொண்டே ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டு வாய்மொழித் தேர்வு நடத்தினார். அருள்மேரி தண்ணீர் வைக்கப் போனபோது எதிரே ஜீவிதா நின்றிருந்தாள்.

ஜீவிதா கோவிலம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண். வகுப்பில் முதலாவதாக வருகிறவள். முதல் இடத்தில் தேறினால் எம்.எஸ்ஸி.க்குக் கட்டணம் இல்லாமல் இதே கல்லூரியில் இடம் உண்டு. இல்லாவிட்டால் மேல்படிப்பு இல்லை என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அருள்மேரிக்கு அது தெரியும். சாப்பாட்டு நேரத்தில் மியூசியப் படியில் உட்கார்ந்து அவளும் அவள் தோழி சினேகாவும் பேசிக்கொள்வது எல்லாமே தெரியும்.

"ஸ்பாட்டர் அஞ்சு என்ன எழுதின?" என்றார் சார்.

"இக்தியோபிஸ் சார். முதுகுநாணுள்ளவை, இருவாழ்வி."

"வளையம் தெரியுதா உனக்கு?"

"தெரியுது சார். ஆனா..."

"மண்புழுவுக்கும் முதுகெலும்பு உள்ளதுக்கும் வித்தியாசம் தெரியல. மூணு வருஷம் என்னம்மா படிச்ச? கிளாஸ் முழுக்க மண்புழுன்னு எழுதியிருக்கு, உனக்கு மட்டும் தவளையாத் தெரியுதா?"

நான்கைந்து பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜீவிதாவின் காது மடல் சிவந்தது. அருள்மேரி தண்ணீரை மேஜையில் வைத்தாள். தன் மூலைக்குத் திரும்பி வந்தாள்.

தேர்வு முடிந்து எல்லோரும் போன பிறகு ஐந்தாம் எண் ஜாடியைக் கையில் எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பினாள். கண்ணாடிச் சுவரை ஒட்டி ஒரு நுனி தெரிந்தது. அதில் வாய் இருந்தது. லேசாகத் திறந்த வாய், உள்ளே அரிசி நொய் மாதிரி பல் வரிசை. மேலே, கடுகைவிடச் சின்னதாய்க் கண் இருந்த தடம். ஒன்பது வருடமாகத் துடைத்திருக்கிறாள், ஒரு தடவைகூட இதைப் பார்த்ததில்லை. கடைசி அலமாரியைத் திறந்து மற்ற ஜாடியைப் பார்த்தாள். அதில் அப்படித் திறந்த வாயுமில்லை, பல்லுமில்லை. உடம்பின் ஒரு பக்கத்தில் மண்புழுவுக்கே உரிய தடித்த பட்டை இருந்தது. தவளைக்குப் பக்கத்தில் அது சாதுவாக நான்கு மாதமாக உட்கார்ந்திருந்தது.

படியில் காலடிச் சத்தம். ஜீவிதாதான். பின்னாலேயே சினேகா.

"விடேன்டி, நாலு மார்க்தானே," என்றாள் சினேகா. "மண்புழுவப் பார்த்துத் தவளைன்னா யாருதான் மார்க் போடுவாங்க? உனக்குப் பேரே வெச்சாச்சு, தவளை ஜீவிதான்னு."

ஜீவிதா அவளைக் கண்டுகொள்ளவில்லை. "அக்கா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. அந்த அஞ்சாம் நம்பர் மண்புழுதானே? எனக்கு வாய் மாதிரி ஏதோ தெரிஞ்சுது. நான் தப்பாப் பார்த்துட்டேனா?"

அருள்மேரி ஐந்தாம் எண் ஜாடியைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். எப்போது மூடினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மண்புழுதாம்மா," என்றாள்.

"சரிக்கா." ஜீவிதா இரண்டு கண்ணையும் புறங்கையால் அழுத்தித் தேய்த்தாள். அழுவதற்காக இல்லை, கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைக்கிற மாதிரி. பிறகு இருவரும் இறங்கிப் போனார்கள்.

கேம்ப் ரோடு நிறுத்தத்தில் அருள்மேரி இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டாள். மூன்றாவதில் ஏறியபோதும் உட்காரவில்லை. இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. ஜூன் மாதம் அவள் வேலையை நிரந்தரமாக்கப் போவதாக அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். இன்றைய தேர்வின் மதிப்பெண் பட்டியல் நாளை மதியம் முத்திரை வைத்துப் போய்விடும். போய்விட்டால் யாராலும் மாற்ற முடியாது. இந்த இரண்டும் அவள் தலைக்குள் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தன.

வேலை முடிந்து வந்த ஜெரோமிடம், காபியை வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள். பொய் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"கம்முனு இரு," என்றான் அவன். "யாருக்குத் தெரியப் போவுது? பர்மனென்ட் ஆவுற நேரத்துல போயி, நான்தான் மாத்தி ஒட்டிட்டேன்னு சொல்லிகினு நிப்பியா? ஒரு புழுவுக்காகவா?"

"அது புழு இல்ல."

"சரி, புழு இல்ல. உன் வேலை போனா அந்தப் பொண்ணா வந்து குடுக்கும்?"

அருள்மேரி காபி டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள். இதுநாள் வரை தெருவில் அவன் பெருமையடித்துக்கொண்டதையெல்லாம் நினைத்தாள். குழாயடியில் நிற்கவே முடியவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கே போய்விட்டாள். இரண்டாவது பிரிவுப் பெண்கள் வராந்தாவில் கூட்டமாக நின்று கடைசி நேரத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, இன்னிக்கு என்ன ஸ்பாட்டர்? ஒரு க்ளூ குடுங்கக்கா," என்றாள் ஒருத்தி. மற்ற நாளென்றால் தரையைப் பார்த்துச் சிரித்திருப்பாள். அன்று நேராகத் துறைத் தலைவியின் அறைக்குள் போனாள். கையில் ஐந்தாம் எண் ஜாடி.

ஸ்ரீவித்யா மேடமும் ராகவேந்திரா சாரும் முதல் நாள் மதிப்பெண்களைக் கூட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அருள்மேரி?"

"மேடம், இது மண்புழு இல்ல."

"எது?"

"லேபிள் மழையில விழுந்துடுச்சு மேடம். டிசம்பர்ல. நானே பார்த்து ஒட்டுனேன். உங்களைக் கேக்கல. மாத்தி ஒட்டிட்டேன். அந்தப் பொண்ணு எழுதுனதுதான் சரி."

சார் ஜாடியை வாங்கினார். மூடியைத் திறந்ததும் மருந்து நெடி கண்ணைக் கரித்தது. கையுறை போட்டுக்கொண்டு அந்த உடம்பை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார். ஒரு விரலால் முதுகை அழுத்தி நெடுக ஓட்டிப் பார்த்தார். நடுவில் விரலை நிறுத்தினார். இடுக்கியால் வாயைத் திறந்தார். வெளியே விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது. அது போகிற வரைக்கும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலும்பு இருக்கு மேடம்," என்றார் கடைசியில். பிறகு அருள்மேரியைப் பார்த்தார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்கம்மா?"

"எட்டாவது சார்."

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"விடைக் குறிப்பு நான் எழுதினதுதான் சார்," என்றார் ஸ்ரீவித்யா மேடம். குரல் தாழ்ந்திருந்தது. "லேபிளைப் பார்த்து எழுதிட்டேன். ஜாடிக்குள்ள பார்க்கல."

ராகவேந்திரா சார் கையுறையைக் கழற்றினார். "அந்தப் பொண்ணு என்னமோ சொல்ல வந்துச்சு. நான் விடல," என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

பதினாறு விடைத்தாள்களையும் மறுபடி எடுத்தார்கள். ஒரு பெண் ஒன்றும் எழுதவில்லை. பதினான்கு பேர் மண்புழு என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பதினான்கு பேருக்கும் மார்க் குறைந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. திருத்தத்துக்குக் காரணம் காட்ட அருள்மேரியின் கைப்பட ஒரு விளக்கக் கடிதம் வேண்டும் என்று மேடம் வெள்ளைத்தாள் கொடுத்தார்.

எழுதினாள். பேனா பிடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. வரி மேலே ஏறிக்கொண்டே போனது. லேபிள் விழுந்தது, கேட்காமல் ஒட்டியது, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார்த்த மேடம், ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தப் பேனாவை எடுத்தவர், திருத்தாமலே கோப்பில் வைத்தார். நிரந்தர வேலை பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. அருள்மேரியும் கேட்கவில்லை.

செய்தி வராந்தாவுக்கு எப்படித்தான் போனதோ, பகல் பன்னிரண்டு மணிக்கு சினேகா மூச்சு வாங்க வந்து நின்றாள். முதல் நாள் தேர்வு முடித்த பெண்களைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஏன்க்கா, ஒரு நாள் கழிச்சு எதுக்குக்கா சொன்னீங்க? எனக்கு நாலு மார்க் போச்சு. ஒட்டினது நீங்க, மார்க் போனது எங்களுக்கா?"

அவள் கேட்டது நியாயம்தான். அருள்மேரி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சினேகா இன்னும் கொஞ்சம் பேசிவிட்டு, சலித்துப்போய்ப் படியிறங்கினாள்.

ஜீவிதா கடைசியாக வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. "அக்கா, மேடம் சொன்னாங்க. நீங்களே கண்டுபிடிச்சுச் சொன்னீங்களாமே. சார் என்னைக் கூப்பிட்டு சாரி சொன்னாருக்கா, எல்லார் முன்னாடியும்." அருள்மேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நைட் யோசிச்சுப் பார்த்தீங்களா? எப்படிக்கா தெரிஞ்சுது?"

இதோடு விட்டுவிடலாம். கடிதத்தில் எழுதாத ஒன்று இருந்தது. அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்தப் பெண்ணும் நேற்று அவள் சொன்ன பதிலை நல்லபடியாகவே எடுத்துக்கொண்டிருக்கிறாள். ராத்திரி யோசித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிடித்த கை பிடித்தபடியே இருக்கும்.

"நேத்து நீ கேட்டப்பவே தெரியும்மா," என்றாள் அருள்மேரி.

"என்னக்கா?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே ஜாடியத் திருப்பிப் பார்த்துட்டேன். வாய் இருந்துச்சு. பல் இருந்துச்சு. தெரிஞ்சேதான் மண்புழுன்னு சொன்னேன்."

ஜீவிதாவின் கை மெதுவாக விலகியது. வெடுக்கென்று இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்திருப்பதை மறந்துபோனது போல விலகியது.

"என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சேன்," என்றாள். "சாயங்காலம் எங்கம்மாவக் கூட்டிக்கிட்டு கண்ணாடிக் கடைக்குப் போய் கண்ணு டெஸ்ட் பண்ணிக்கிட்டேன். எல்லா வரியும் படிச்சேன். கடைசி பொடி எழுத்து வரைக்கும். கடைக்காரர், எதுக்கும்மா வந்தேன்னு சிரிச்சாரு."

அருள்மேரிக்கு அந்தக் கடை கண்முன்னால் வந்தது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் தொங்கும் அட்டையை ஒரு எழுத்து விடாமல் படிக்கிற பெண். கூட, என்ன நடந்தது என்றே புரியாமல் ஒரு அம்மா.

"மன்னிச்சிக்கம்மா."

"பரவால்லக்கா," என்றாள் ஜீவிதா. வாய்தான் சொன்னது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். இரண்டு பஸ் மாற வேண்டிய பெண். அருள்மேரி ஜன்னலருகே நின்று, அவள் கேட்டைத் தாண்டிப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம், இரண்டாவது பிரிவின் தேர்வும் முடிந்த பிறகு, அந்தப் பதினோரு ஜாடிகளையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். தேள் ஜாடியிலிருந்தே ஆரம்பித்தாள். பூதக்கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏழாவது ஜாடியில் சந்தேகம் வந்தது. எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.

"மேடம், இது எனக்குத் தெரியல."

ஸ்ரீவித்யா மேடம் நிமிர்ந்து பார்த்தார். ஜாடியை வாங்கி, லேபிளைக் கையால் மறைத்துக்கொண்டு, உள்ளே பார்த்தார்.

இக்தியோபிஸை அருள்மேரி கடைசி அலமாரியில், தவளைக்குப் பக்கத்தில் வைத்தாள். வைக்கும்போது ஜாடியைத் திருப்பி, அந்தச் சின்ன வாய் வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தினாள். வருகிறவர்களுக்குப் பார்க்க வசதியாக இருக்கும். அவளுக்குத்தான் அந்தத் தட்டைத் துடைக்கிற நேரம் கஷ்டம். மற்ற ஜாடிகளையெல்லாம் நிதானமாகத் துடைப்பவள், அதை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைக்கிறாள்.